அமெரிக்காவில் எங்கள் ஊர் நீர்மின் அணையின் உரிமம் முடியப் போகிறது, பொதுமக்களிடம் கருத்து கேட்கிறார்கள். எப்படி எழுதினால் எடுபடும்?

கேள்வி கேட்டவர் அணைக்குக் கீழே ஆற்றோரம் வீடு வைத்திருக்கிறார். மின்நிலையம் ஓடத் தொடங்கினால் தண்ணீர் திடீரென்று ஏறுகிறது, நிறுத்தினால் வடிந்துபோய் மீன்கள் குட்டைகளில் சிக்கிச் சாகின்றன, கரையும் அரிக்கிறது என்கிறார். "அணையால் ஆறு பாழாகிறது, உரிமத்தைப் புதுப்பிக்காதீர்கள்" என்று நான்கு வரி எழுதி அனுப்பினால் போதுமா என்பது அவர் கேள்வி.

போதாது. இது வாக்கெடுப்பு இல்லை. அடுத்த 30 முதல் 50 ஆண்டுகளுக்கு அந்த அணையை எப்படி இயக்க வேண்டும் என்று நிபந்தனைகள் எழுதும் வேலை. எழுதுவது ஃபெடரல் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், சுருக்கமாக ஃபெர்க். ஆயிரம் பேர் ஒரே படிவக் கடிதத்தை அனுப்பினாலும் ஆணைய ஊழியர்கள் அதை ஒரே கருத்தாகச் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். தேதி, நேரம், நீர்மட்டம், கேட்கும் நிபந்தனை எல்லாம் இருக்கும் இரண்டு பக்கக் கடிதத்தை அப்படி எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

எழுத உட்காரும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். ராணுவப் பொறியாளர் படையோ மத்திய நீர்ப்பாசனத் துறையான பியூரோ ஆஃப் ரெக்ளமேஷனோ தாமே நடத்தும் அணை என்றால் ஃபெர்க் உரிமமே கிடையாது. தனியார் நிறுவனம், நகராட்சி, மாநில அரசுத் துறை ஆகியவற்றின் அணைகள்தான் பெரும்பாலும் இதில் வரும். அறிவிப்பில் "பி" என்ற எழுத்தோடு ஒரு திட்ட எண் இருக்கும், அதுதான் டாக்கெட் எண், அதாவது ஆணையத்தில் உங்கள் அணைக்கான கோப்பின் எண். கலிபோர்னியாவின் ஓரோவில் அணைக்கு பி-2100. இந்த எண்ணைத் தவறாகப் போட்டால் உங்கள் கடிதம் வேறு ஏதோ ஓர் அணையின் கோப்பில் போய்க் கிடக்கும்.

அடுத்து, செயல்முறை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். உரிமம் முடிவதற்கு ஐந்து முதல் ஐந்தரை ஆண்டுகள் முன்பே அணையை நடத்தும் நிறுவனம் புது உரிமம் கேட்கப் போவதாகத் தன் விருப்ப அறிவிப்பையும், அணை பற்றிய தகவல் ஆவணத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். இப்போது வழக்கத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த முறையில், அதிலிருந்து 60 நாளுக்குள் ஃபெர்க் ஓர் அறிவிப்பு வெளியிடும். அடுத்த 30 நாளுக்குள் உள்ளூரில் கூட்டமும் அணையைப் பார்வையிடும் ஏற்பாடும் நடக்கும். அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் "இன்ன இன்ன ஆய்வு வேண்டும்" என்று கேட்க வேண்டும். விண்ணப்பம் வருவதோ அதற்கெல்லாம் பிறகு, உரிமம் முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போது. செய்தித்தாளில் பெரிதாக வருவதும் அப்போதுதான். ஆனால் அதற்குள் எதை அளப்பது, எங்கே அளப்பது என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். அளக்காத பாதிப்பு சுற்றுச்சூழல் அறிக்கையில் இருக்காது, அறிக்கையில் இல்லாதது நிபந்தனையாக மாறாது. ஒரு குடிமகனின் கடிதத்துக்கு அதிக வலு இருப்பது ஆய்வு கேட்கும் அந்த 60 நாளில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆய்வுக் கோரிக்கைக்கு விதிகளில் ஏழு அளவுகோல்கள் உண்டு. ஒன்று விடுபட்டாலும் நிறுவனத்தின் ஆலோசகர்கள் அதையே காரணமாகக் காட்டி ஒதுக்கிவிடலாம். கேள்வியாளரின் நீர்மட்டப் பிரச்சினையையே வைத்து எழுதிக் காட்டுகிறேன்.

முதலில் நோக்கம்: உச்சநேர மின்னுற்பத்தியால் அணைக்குக் கீழே இத்தனை மைல் தூரத்துக்கு நீர்மட்டம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது, அதனால் எத்தனை மீன் சிக்குகிறது என்று அறிவது. அடுத்து, அந்த ஆற்றுக்கு மாநில மீன்வளத் துறையோ பழங்குடி அரசோ வைத்திருக்கும் மேலாண்மைக் குறிக்கோள் இருந்தால் அதைக் காட்டுங்கள். நீங்கள் அரசுத் துறை அல்ல என்பதால் பொதுநலன் என்ன என்று ஒரு பத்தி வேண்டும்: கரையோரப் பாதுகாப்பு, மீன்பிடிப்பு, படகு. நான்காவதாக, இருக்கும் தகவல் ஏன் போதாது என்று சொல்ல வேண்டும். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் நீரளவு நிலையங்கள் பலவற்றில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகும் அளவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அருகில் உள்ள நிலையம் பல மைல் கீழே, வேறொரு ஓடை வந்து சேர்ந்த பிறகு இருந்தால், அணையடியில் நடக்கும் ஏற்ற இறக்கம் அங்கே மழுங்கிவிடும். இதை எழுதினாலே இந்த அளவுகோல் நிறைவேறிவிடும்.

ஐந்தாவதுதான் உயிர்நாடி. மின்நிலையத்தின் இயக்கத்துக்கும் இந்தப் பாதிப்புக்கும் என்ன தொடர்பு, ஆய்வின் முடிவு எந்த உரிம நிபந்தனைக்கு வழிகாட்டும்? "டர்பைன் நிறுத்தப்படும்போது நீர்மட்டம் மணிக்கு எத்தனை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்ற வரம்பை நிர்ணயிக்க இந்த ஆய்வு தேவை" என்று நேராக எழுதுங்கள். ஆறாவது செய்முறை: நான்கைந்து இடங்களில் அழுத்த உணரிகளை நட்டு ஓராண்டு முழுவதும் 15 நிமிட இடைவெளியில் பதிவு செய்வது, நீர் வடியும் நேரங்களில் கரையோரக் குட்டைகளில் மீன்களை எண்ணுவது. துறை வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட முறையாக இருந்தால் போதும், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கடைசியாகச் செலவும் உழைப்பும். இதில்தான் பலர் திகைத்து நின்றுவிடுகிறார்கள். வழி எளிது: ஃபெர்க்கின் இணைய ஆவணக் காப்பகமான இ-லைப்ரரியில் வேறு அணைகளின் ஆய்வுத் திட்டங்கள் கிடக்கின்றன, ஒவ்வோர் ஆய்வுக்கும் மதிப்பிட்ட செலவு அவற்றில் இருக்கும். உங்கள் அணையை ஒத்த ஒன்றைத் தேடி, அந்தத் தொகையையும் டாக்கெட் எண்ணையும் எடுத்துக்காட்டுங்கள். வேறோர் அணையில் செய்ததை இங்கே செய்ய முடியாது என்று மறுக்க நிறுவனத்துக்குத் தனிக் காரணம் வேண்டியிருக்கும்.

"அணை கட்டும் முன் இந்த ஆறு எப்படி இருந்தது தெரியுமா" என்ற வாதத்துக்கு ஃபெர்க் பெரிய இடம் கொடுப்பதில்லை. அது ஒப்பிடுவது இன்றைய நிலையோடுதான். அதற்காகப் பழைய சேதத்தை முழுக்கப் புறக்கணிக்கவும் முடியாது. அலபாமா பவர் நிறுவனத்துக்குக் கூசா ஆற்று அணைகளுக்காக 2013இல் கொடுத்த உரிமத்தை 2018இல் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. முந்தைய சேதங்களோடு சேர்ந்து பெருகும் விளைவைக் கணக்கில் எடுக்கவில்லை, மீன் இறப்புக்குக் களஆய்வு இன்றிப் பழைய மதிப்பீடுகளை நம்பினார்கள் என்பவை காரணங்களுள் சில. ஆகவே ஏக்கமாக எழுதாமல், "ஏற்கெனவே நலிந்த மீனினத்தின் மீது இந்த இயக்கம் இன்னும் இத்தனை ஆண்டு தொடர்ந்தால் என்ன ஆகும்" என்று எழுதுங்கள்.

அந்த முதல் கட்டம் கடந்துபோயிருந்தால்? விண்ணப்பத்தை ஏற்று, "சுற்றுச்சூழல் ஆய்வுக்குத் தயார்" என்று ஃபெர்க் ஓர் அறிவிப்பு தரும். அதிலிருந்து 60 நாள். கருத்துகளும் மீன்வளத் துறைகளின் பரிந்துரைகளும் அந்தக் கெடுவுக்குள் போக வேண்டும். வழக்கில், அதாவது ஆணையத்தின் முன் நடக்கும் இந்த உரிம விசாரணையில், தரப்பினராகச் சேரும் மனுவுக்கான கெடுவும் அறிவிப்புகளில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கருத்து மட்டும் எழுதியவர் பார்வையாளர்தான். மனுப் போட்டுச் சேர்ந்தவர் மட்டுமே பிறகு உரிம உத்தரவை எதிர்த்து மறுவிசாரணை கேட்கவும், அதற்குப் பின் நீதிமன்றம் போகவும் முடியும். மனுவுக்கு வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. நீங்கள் யார், அணைக்குக் கீழே சொத்து இருப்பதால் எப்படிப் பாதிக்கப்படுகிறீர்கள், உங்கள் நிலைப்பாடு என்ன என்று ஒரு பக்கம் போதும். கெடுவுக்குள் தந்த மனுவை 15 நாளுக்குள் யாரும் எதிர்க்கவில்லை என்றால் நீங்கள் தானாகவே தரப்பினர் ஆகிவிடுவீர்கள். தாமதமானால் தகுந்த காரணம் காட்ட வேண்டும், "எனக்குத் தெரியாது" என்பது பெரும்பாலும் செல்லாது.

வேறு அரசுத் துறைகள் போட்டு, ஃபெர்க் கட்டாயம் ஏற்க வேண்டிய நிபந்தனைகளும் உண்டு. மீன்கள் அணையைக் கடக்க மீன் ஏணி போன்ற வழிகளைக் கட்டச் சொல்லும் அதிகாரம் மத்திய மீன்வளத் துறைகளிடம் இருக்கிறது. தேசிய வனநிலத்தில் அணை இருந்தால் வனத்துறை நிபந்தனை போடலாம். அணையின் இயக்கம் மாநிலத்தின் நீர்த்தர விதிகளுக்கு உட்பட்டது என்ற நீர்த்தரச் சான்று மாநில அரசின் கையில். கலிபோர்னியா, ஓரிகன் மாநிலங்களில் ஓடும் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகள் 2023, 2024இல் இடிக்கப்பட்டதற்கு யூரோக், காருக் பழங்குடிகளின் நீண்ட போராட்டம் அடித்தளம். ஆனால் மீன்வழி கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாய நிபந்தனை வந்த பிறகுதான், உரிமம் புதுப்பிப்பதைவிட இடிப்பதே மலிவு என்று கணக்கு மாறியது. உரிமையாளர் விரும்பாமலே அணையை அகற்றச் சொன்ன உத்தரவு மெய்ன் மாநிலத்தின் எட்வர்ட்ஸ் அணைக்கு 1997இல் வந்தது, அதுவே முதல்முறை. அதை எல்லா அணைக்கும் எதிர்பார்க்க வேண்டாம்.

மாநிலத்தின் நீர்த்தரச் சான்றுக்குத் தனிக் கருத்துக்கேட்பு நடக்கும், அதையும் விடாதீர்கள். குறைந்தபட்ச நீரோட்டத்தைக் கூட மாநிலம் இதில் நிர்ணயிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் சொல்லிவிட்டது. ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் அணைகளில் கோடையில் கீழே வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் போன்ற மாநில வரம்புக்குக் கீழே போனால், டர்பைனுக்குள் காற்றைக் கலக்கும் ஏற்பாட்டையோ வேறு வழியையோ நிபந்தனையாகக் கேட்கலாம். மாநிலத்துக்குக் கெடு அதிகபட்சம் ஓர் ஆண்டு. அதைத் தவறவிட்டாலோ கைவிட்டாலோ அதிகாரம் போய்விடும். மேரிலாந்தின் கொனோவிங்கோ அணையில் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மாநிலம் தன் சான்றைக் கைவிட்டது. 2021இல் ஃபெர்க் 50 ஆண்டு உரிமம் கொடுத்தது. ஒருமுறை வழங்கிய சான்றைப் பிறகு அப்படி விட்டுக்கொடுக்க முடியாது என்று 2022 டிசம்பரில் நீதிமன்றம் அந்த உரிமத்தையே ரத்து செய்தது. வழக்குப் போட்டவை நதிப் பாதுகாப்பு அமைப்புகள். தரப்பினராகச் சேர்ந்திருந்ததால்தான் அது முடிந்தது.

அணையின் பாதுகாப்பைப் பற்றி எழுதுவதானால் ஓரோவில் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2005 அக்டோபரில் மூன்று சூழல் அமைப்புகள் உரிமப் புதுப்பிப்புக் கோப்பிலேயே ஒரு மனுப் போட்டன: அவசர வழிந்தோடிக்குக் கீழே வெறும் மலைச்சரிவுதான் இருக்கிறது, வெள்ளம் வழிந்தால் அரித்துவிடும், காங்கிரீட் போட வேண்டும் என்று. அது விதிமுறைக்கு உட்பட்டதே என்று சொல்லி ஆணையம் ஏற்கவில்லை. 2017 பிப்ரவரி 11 அன்று அந்த வழிந்தோடியில் முதல்முறையாகத் தண்ணீர் வழிந்தது. மறுநாளே அரிப்பு தடுப்புச் சுவரை நோக்கி ஏறியது, சுமார் 1,88,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. புதுப்பிப்பில் அணைப் பாதுகாப்பு ஓர் ஓரமாகவே பார்க்கப்படுகிறது, அதை வேறொரு பிரிவு கவனிக்கிறது. எனவே விரிசல், கசிவு, அரிப்பு எதைக் கண்டாலும் டாக்கெட்டில் போடுவதோடு, ஃபெர்க்கின் அணைப் பாதுகாப்புப் பிரிவின் வட்டார அலுவலகத்துக்கும் படங்களோடு தனியே அனுப்புங்கள்.

அனுப்பும் முறை: சுருக்கமான கருத்துக்கு இ-காமெண்ட் என்ற வசதி போதும், உச்சவரம்பு 6,000 எழுத்துகள். படம், அட்டவணை, மனு என்றால் இலவசக் கணக்குத் திறந்து இ-ஃபைலிங் வழியே அனுப்புங்கள். இ-சப்ஸ்கிரிப்ஷனில் டாக்கெட் எண்ணைப் பதிந்துவிட்டால் ஒவ்வொரு புதிய ஆவணமும் மின்னஞ்சலில் வரும், இதை இன்றே செய்யுங்கள். கடிதம் யாரும் படிக்கும்படி இணையத்தில் ஏறும், ஆகவே கடிதத்தின் உள்ளே தொலைபேசி எண் போன்றவை வேண்டாம். வழி புரியவில்லை என்றால் ஆணையத்தில் பொதுமக்கள் பங்கேற்பு அலுவலகம் ஒன்று 2021 முதல் இயங்குகிறது, நடைமுறைச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வார்கள். வழக்கின் சாரத்தை ஊழியர்களிடம் தனியாகப் பேச முயலாதீர்கள், போட்டியுள்ள வழக்கில் அது விதிமீறல்.

உரிமக் காலம் முடிந்தும் புது உரிமம் பற்றி முடிவு வரவில்லை என்றால் அணை நின்றுவிடாது. பழைய நிபந்தனைகளோடு ஆண்டுதோறும் தற்காலிக உரிமம் நீளும். ஓரோவிலின் உரிமம் 2007 ஜனவரியில் முடிந்தது, 2017 விபத்தின்போதும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடைக்காலத்தில் வரும் ஒவ்வொரு நீர் ஏற்ற இறக்கத்தையும் தேதி, நேரம், ஓர் அளவுகோல் தெரியும் படம் என்று குறித்துவையுங்கள். உத்தரவு வந்த நாளிலிருந்து மறுவிசாரணை கேட்க உங்களுக்கு 30 நாள்தான், அதை ஆணையமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. அந்த மனுவில் எழுப்பாத எதையும் பிறகு நீதிமன்றத்தில் புதிதாக எழுப்பவும் முடியாது.