விபத்தில் பிழைத்தவர், தவறே செய்யாமல் தன்னையே குற்றம் சொல்வது ஏன்?

சினிமாவில் அடிக்கடி வரும் கதை: விபத்தில் கூட வந்தவர் இறந்துவிட, பிழைத்தவர் வாழ்நாளெல்லாம் தன்னையே தண்டித்துக்கொள்வார். இதற்குப் பெயர் பிழைத்தவரின் குற்ற உணர்வு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-லேயே இதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பின் அறிகுறிகளில் சேர்த்தது.

பாம்பனில் வள்ளம் கவிழ்ந்து மச்சானை இழந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். "வரமாட்டேன்னுதான் சொன்னான், நான்தான் இழுத்துட்டுப் போனேன்" என்பார். அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவார். காற்று அப்படித் திரும்பும் என்று கிளம்பும்போது அவருக்குத் தெரியாது. பிறகு தெரிந்ததை வைத்து அன்றைய முடிவை எடைபோடுவது ஒரு காரணம்; விடைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பரீட்சையைத் திருத்துவது போலத்தான் இது.

இன்னொரு காரணம்தான் ஆழமானது. "என் கையில் எதுவுமே இல்லை" என்பதைத் தாங்குவது மிகக் கடினம். "என் தப்பு" என்றால் நடந்ததற்கு ஒரு காரணமாவது கிடைக்கிறது. மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது.

"விடு, மறந்துடு" என்று வாயை அடைக்காமல் பேச விடுங்கள். தானும் சாக வேண்டும் என்பதுபோல் பேசினால் தாமதிக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்.

"இவ்வளவு உறுத்துகிறதென்றால் ஏதோ செய்திருப்பான்" என்று ஊர் பேசுவது தவறு. துளியும் பொறுப்பில்லாதவருக்கும் இந்த உறுத்தல் இதே அளவு வரலாம்.