வாஷிங் மெஷின் மேல் ஒரு சோற்றுத் தட்டு

வணக்கம் டீச்சர்,

எனக்கு 66 வயது. பினாங்கு பாயான் லெப்பாஸில் 1978இல் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்து 2019இல் ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டே பேத்தி பிறந்தாள். அவளுக்கு இப்போது 5 வயது, பேரனுக்கு 2. ரெலாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலை 6 மணிக்கு மகளும் மருமகனும் கிளம்பினால் திரும்பி வர இரவு ஏழரை ஆகிவிடும். எனக்கு முட்டி வலியும் பிரஷரும் இருக்கின்றன. பிள்ளைகளை விட்டுப் போக ஆள் இல்லாமல் இரண்டு கிளினிக் தேதிகளைத் தவறவிட்டுவிட்டேன். வரும் 14ஆம் தேதி அடுத்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயே ஒரு வருடம் ஆகிறது. பேரப்பிள்ளைகள் என் உயிர். ஆனாலும் சில நாள் சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு எங்கேயாவது போய்விடலாமா என்று இருக்கிறது. இப்படி நினைப்பதே பாவம் இல்லையா? என் அம்மா தோட்டத்திலிருந்து வந்து என் மூன்று பிள்ளைகளையும் முகம் சுளிக்காமல் வளர்த்துக் கொடுத்தார்கள். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள அக்கா,

பாவம் இல்லை. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அலுத்துப் போயிருக்கிறது. அலுப்பு உடம்பில் வருவது. அதற்கும் நீங்கள் பிள்ளைகள் மேல் வைத்திருக்கும் பாசத்துக்கும் சம்பந்தமே இல்லை.

‘முகம் சுளிக்காமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். என் இரண்டு பையன்களையும் என் அம்மாதான் பார்த்துக்கொண்டார். அப்போது நாங்கள் பட்டர்வொர்த்தில் இருந்தோம். நான் பள்ளியிலிருந்து வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். ஒருநாள் புறப்பாட நடவடிக்கை ரத்தாகி, இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டேன். அடுப்படியில் அம்மா நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாஷிங் மெஷின் மூடியின் மேல் தட்டு, ரசம் ஊற்றிய சோறு, ஓரத்தில் கொஞ்சம் கருவாடு. ஒரு காலை நீட்டி அடுப்படிக் கதவு திறக்காதபடி அணை கொடுத்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவன் முட்டிக்கொண்டிருந்தான். “உட்கார்ந்து சாப்பிடக் கூடாதாம்மா?” என்றேன். “உட்கார்ந்தா தட்டுல கை வைக்கிறான்” என்றார், சாதாரணமாக. நான்கு வருடமாக அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறார். அந்த நான்கு வருடமும் நான் சொந்தக்காரர்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் தெரியுமா? “அம்மாவுக்குப் பேரப்பிள்ளைங்கன்னா போதும், அலுப்பே தெரியாது.”

உங்கள் அம்மாவும் முகம் சுளித்திருக்கலாம் அக்கா. நீங்கள் ஷிப்டில் இருந்திருப்பீர்கள். பார்த்திருக்க முடியாது.

நான் பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். உங்கள் அம்மாவும் தோட்டத்துக்காரர் என்பதால் உங்களுக்கும் ஆயாக்கொட்டகை நினைவிருக்கும். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற அம்மாக்கள் தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தோளில் போட்டுவந்து அங்கே விட்டுப் போவார்கள். வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. மூத்திர வாடையும் அழுகையும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. ஆனால் அந்த ஆயாவுக்குத் தோட்டம் சம்பளம் கொடுத்தது. ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு அம்மாக்கள் வந்ததும் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு அவரும் தன் லயத்து வீட்டுக்குப் போய்விடுவார். பிள்ளை பார்ப்பது ஒரு வேலை, அதற்கு நேரம் உண்டு, கூலி உண்டு என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிகப் பகுதி வந்தது. உங்களைப் போன்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டினீர்கள். இந்தத் தீவின் பிழைப்பே அதனால் மாறியது. ஆனால் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தபோது ஆயாக்கொட்டகை கூட வரவில்லை. அந்த வேலை உங்கள் அம்மா மடியில் விழுந்தது, இப்போது உங்கள் மடியில் இருக்கிறது. சம்பளம் போய்விட்டது, மணிக் கணக்கும் போய்விட்டது. பெயர் மட்டும் பாசம் என்று மாறிவிட்டது.

சரி, தொழிற்சாலையில் ஓவர்டைம் கணக்குப் பார்த்தவர் நீங்கள், இதையும் பாருங்கள். காலை 6 முதல் இரவு 7.30 வரை பதின்மூன்றரை மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் அறுபத்தேழரை மணி நேரம். 2023 முதல் நம் நாட்டு வேலைச் சட்டம் ஒரு தொழிலாளிக்கு வாரத்துக்கு 45 மணி நேரம்தான் என்கிறது. 66 வயதில், முட்டி வலியோடு, இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அதற்கும் மேலே இருபத்திரண்டரை மணி நேரம் வேலை செய்கிறீர்கள். இதில் ஒரு நாளில் அரை மணி நேரம் கதவைத் திறந்துகொண்டு போய்விடலாமா என்று தோன்றினால் உங்களுக்கு என்ன குறை?

2014இல் ஆஸ்திரேலியாவில் உங்கள் வயதை ஒட்டிய பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளியானது. சின்ன ஆய்வுதான், 186 பேர். வாரத்தில் ஒருநாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிமார்கள் நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்திருந்தார்கள். ஐந்து நாளும் அதற்கு மேலும் பார்த்துக்கொண்டவர்கள் ஒரு சோதனையில் பின்தங்கியிருந்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது: அதிக நேரம் பார்த்துக்கொண்டவர்கள்தான், தங்கள் பிள்ளைகள் தங்களிடம் அதிகம் எதிர்பார்க்கிறார்கள் என்றும் சொன்னார்கள். பேரப்பிள்ளை நல்ல மருந்துதான். உங்களுக்கு வேளைக்கு மூன்று மாத்திரைக்குப் பதிலாக முப்பது கொடுக்கிறார்கள்.

உங்கள் மகளை நான் குறை சொல்லவில்லை. பாயான் லெப்பாஸ் நெரிசலில் இரண்டு மணி நேரம் நசுங்கி வருகிறவளுக்கு அம்மாவின் முட்டி கண்ணில் படாது. நானும் மகளாக இருந்தவள்தானே. அதனால் நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும். ஆனால் “எனக்கு முடியலம்மா” என்று ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்டால் அவள் பதறுவாள், இல்லை அழுவாள், நீங்கள் உடனே “சும்மா சொன்னேன்” என்று பின்வாங்கிவிடுவீர்கள். நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். “செவ்வாயும் வெள்ளியும் மதியத்துக்கு மேல் நான் பார்க்க மாட்டேன், யார் பார்ப்பது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.” மூன்று பேரும் என்பது முக்கியம். மருமகனிடம் நேராகப் பேச நமக்கெல்லாம் ஒரு கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தாலேயே எல்லாச் சுமையும் அம்மா, மகள் என்ற இருவருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் பிள்ளைகளும்தானே?

பேசும்போது கையில் இரண்டு விஷயங்கள் வைத்திருங்கள். 2023 முதல் வேலை நேரத்தையோ இடத்தையோ நாளையோ மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் பதில் எழுதியாக வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஆனாலும் இருவரில் யாராவது ஒருவர் கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, பேரனை அரை நாளாவது தஸ்காவில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், விடுவது. பதிவு பெற்ற தஸ்காவுக்கும், பாலர் பள்ளியான தடிகாவுக்கும் கட்டும் பணத்தில் ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு கிடைக்கிறது. “பாட்டி இருக்கும்போது எதற்குத் தஸ்கா” என்று யாராவது சொன்னால், சொல்கிறவரை ஒரு வாரம் லீவு போட்டு வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் அக்கா, மூன்று பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டு பேரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் எங்கே இருந்தாலும் சரி, மாதம் ஒரு சனிக்கிழமை வந்து உங்களைத் தண்ணீர்மலைக்கு அழைத்துப் போக முடியும். முடியாது என்றால் தஸ்காவுக்குப் பணம் அனுப்ப முடியும். கேளுங்கள்.

இதற்கெல்லாம் சில வாரம் ஆகும். கிளினிக் தேதி காத்திருக்காது. பிரஷர் ஏறினாலும் வெளியே ஒன்றும் தெரியாது, அதனால்தான் அதை அளந்து பார்க்கச் சொல்கிறார்கள். முட்டிக்கும் அங்கேயே பிசியோதெரபி பற்றிக் கேளுங்கள். தொடைத் தசைக்குச் சொல்லித்தரும் பயிற்சிகள் உண்மையிலேயே உதவும், என் முட்டி சாட்சி. பேரன் பின்னால் ஓடுவதே பயிற்சிதான் என்று உங்கள் மகள் நினைத்தால், அது வேறு, இது வேறு.

14ஆம் தேதிக்கு லீவு சொல்லச் சொல்லி இன்று ராத்திரியே மகளிடமோ மருமகனிடமோ சொல்லிவிடுங்கள். போய்வந்து பிரஷர் எவ்வளவு இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.