பென்டிரைவில் வந்த ஃபைல் ஒரிஜினல்தானா?

கேள்வி: பழைய லேப்டாப் வாங்கினேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, கடைக்காரர் அதை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைலை பென்டிரைவில் கொடுத்தார். ஃபைலின் அடையாளம் போன்ற ஹாஷ் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, 'சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒரிஜினல்தான்' என்கிறார். நம்பலாமா?

பதில்: சரிபார்க்கலாம், ஆனால் அவர் சீட்டை வைத்து அல்ல. ஃபைலை மாற்றத் தெரிந்தவருக்கு மாறிய ஃபைலின் ஹாஷை எழுதித் தரவும் தெரியும். எண்ணை மின்ட் தளத்திலிருந்து நீங்களே எடுங்கள். உங்களிடம் உள்ள அதே பதிப்புக்கான எண்ணாக இருக்க வேண்டும்.

ஹாஷ் என்பது ஃபைலின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு எடுப்பது. எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்டால் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து 64 எழுத்து வரும். ஃபைலின் பெயரை மாற்றினால் அது மாறாது. உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் அடியோடு வேறாகிவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் பவர்ஷெல்லைத் திறந்து, கெட்-ஃபைல்ஹாஷ் (Get-FileHash) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, ஃபைலை இழுத்து அங்கே போட்டு என்டர் தட்டுங்கள். பெரிய ஃபைல், கொஞ்சம் நேரம் எடுக்கும். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள், முழுவதையும் ஒப்பிடுங்கள்.

சீட்டில் இருப்பது 32 எழுத்துதான் என்றால் அது பெரும்பாலும் எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறை. அதை நம்ப வேண்டாம். இரண்டு வேறு ஃபைல்களுக்கு ஒரே எம்டி5 வரவைக்க முடியும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள்.

மின்ட் தளத்தையே ஹேக்கர்கள் பிடித்துவிட்டால்? மின்ட்டுக்கே அது நடந்தது. 2016 பிப்ரவரி 20 அன்று தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பை பின்கதவு (வெளியாள் ரகசியமாக உள்ளே வரும் வழி) வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தில் புகுந்தவர் எண்ணையும் மாற்றலாம். அதனால்தான் ஹாஷ் பட்டியலோடு, அது மின்ட் குழுவே வெளியிட்டதுதானா என்று சரிபார்க்க உதவும் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பமும் தருகிறார்கள். பொறுமை இருந்தால் அதையும் பாருங்கள்.

ஹாஷ் பொருந்தினால் 'இது அதே ஃபைல்' என்றுதான் பொருள், 'நல்ல ஃபைல்' என்றல்ல. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், தெரிந்த சாஃப்ட்வேர்களின் ஹாஷ்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. தடயவியல்காரர்கள் கைப்பற்றிய கம்ப்யூட்டரில் தெரிந்த ஃபைல்களைக் கழித்துக்கட்ட அது உதவுகிறது. அந்தத் தொகுப்பில் ஹேக்கிங் கருவிகளும் உண்டு, அதனால் அதில் இருப்பதாலேயே ஒரு ஃபைல் நல்லதாகிவிடாது.

எண் பொருந்தாவிட்டால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள், காப்பி பழுதாகியிருக்கலாம். அந்த ஃபைலை இன்ஸ்டால் செய்யாமல், புதிதாக டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். அப்புறம், மின்ட் இலவசம். பென்டிரைவுக்கும் வேலைக்கும் காசு வாங்கலாம். பில்லில் 'லைசன்ஸ்' என்று போட்டிருந்தால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள்.