சட்ட ஆலோசனை: கார் போர்ச் சின்னதாகிவிட்டது, குத்தகையாளர் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் சொந்த மண்ணில் இரண்டு மாடி வீடு கட்டியிருக்கிறேன். இரண்டு கார் நிற்க வேண்டும் என்று வீட்டைக் கட்டிக்கொடுத்த குத்தகையாளரிடம் முதல் நாளிலிருந்தே சொன்னேன். பிளானில் போர்ச்சின் அகலம் 16 அடி. டேப் பிடித்தால் 15 அடி 2 அங்குலம்தான் இருக்கிறது. என் ஹைலக்ஸும் மகளின் மைவியும் நின்றால் கதவைத் திறக்க முடியவில்லை. பால் காய்ச்சிக் குடிவந்த வாரமே என் மனைவி கார் கதவைத் தூணில் இடித்துவிட்டார். பக்கவாட்டில் ஐந்தடி தள்ளித் தூண் போட்டுக் கூரையை இழுக்கச் சொன்னேன், செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்க, உடைக்கச் சொல்லி மாநகர் கழக நோட்டீஸ் வந்துவிட்டது. இப்போது கடைசித் தவணை 31,000 ரிங்கிட், கூடுதல் வேலைக்கு 14,000 என்று குத்தகையாளர் கேட்கிறார். மூவாயிரம் கொடுத்தால் கழகத்தில் பேசி முடிப்பதாகவும் சொல்கிறார். ஒரு சென் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சேமநிதிப் பணம் முழுவதும் போட்ட வீடு. அவர் செலவிலேயே போர்ச்சைத் திருப்பிக் கட்டவைக்க முடியுமா? மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். குத்தகையாளர் போனை எடுக்காதது, பக்கத்து வீட்டுக்காரர் தீபாவளிப் பலகாரத்தைத் திருப்பி அனுப்பியது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அவற்றை வைத்து எந்த நீதிமன்றத்திலும் ஒன்றும் செய்ய முடியாது. மன உளைச்சலும் அப்படித்தான்; ஒப்பந்த வழக்குகளில் அதற்குப் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை.

வழக்கை முடிவு செய்யப்போவது நீங்கள் இணைத்திருக்கும் வாட்ஸ்ஆப் பிரதியில் இருக்கும் ஒரே வரி. "தள்ளிக் கட்டுங்க தம்பி, பிளான அப்பறம் பாத்துக்கலாம்." எழுதியவர் நீங்கள். கீழே கட்டைவிரல் படம் போட்டவர் அவர்.

முதலில் அந்தப் பத்து அங்குலத்தைப் பார்த்துவிடுவோம். பிளானில் 16 அடி என்று போட்டிருப்பது தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடுவுக்கு. ஒன்பது அங்குலத் தூண், பூச்சோடு பத்து. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி கழித்தால் 15 அடி 2 அங்குலம். யாரும் எதையும் திருடவில்லை. பிளானில் உள்ளதைத்தான் கட்டியிருக்கிறார். ஹைலக்ஸ் ஏறத்தாழ 1.86 மீட்டர் அகலம், மைவி 1.74. மிஞ்சுவது ஒரு மீட்டர் சொச்சம். அதை மூன்று இடைவெளிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஒரு அடிதான் வரும், பூனைதான் இறங்க முடியும். (இனிமேல் கட்டப்போகிறவர்கள் பிளான் வரைபவரிடம் எத்தனை கார் என்று சொன்னால் போதாது. என்ன கார் என்று சொல்லி, தூணுக்கும் தூணுக்கும் நடுவே உள்ளளவைப் பிளானிலேயே எழுதி வாங்குங்கள். உங்களுடையதைப் போன்ற இரண்டு வண்டிக்கு 19 அடி உள்ளளவு வேண்டும்.) வரைந்தவரிடம் ஹைலக்ஸ் என்று எழுத்தில் சொன்னதாக உங்கள் காகிதங்களில் எங்கும் இல்லை. ஆகவே அவர் மேலும் வழக்குப் போட முடியாது.

அனுமதி பெற்ற பிளானைத் தாண்டிக் கட்டினால், சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974-இன்படி நோட்டீஸ் வருவது உரிமையாளர் பெயருக்கு. குத்தகையாளர்தான் கட்டினார் என்பது அங்கே பதிலாகாது, அதுவும் கட்டச் சொன்னது நீங்கள் என்று எழுத்திலேயே இருக்கும்போது. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதும் பொருட்டல்ல. அவர் வாயே திறக்காமல் இருந்தாலும் உங்கள் ஆர்க்கிடெக்ட் அந்தக் கூரையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடமாட்டார்.

என்னைப் பயமுறுத்துவது அந்தக் கையெழுத்துத்தான். சிசிசி, அதாவது கட்டிய வீட்டில் குடியிருக்கலாம் என்ற சான்றிதழ், இன்னும் வரவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிசிசிக்கான பாரம் எஃப்-இல் ஆர்க்கிடெக்ட் கையெழுத்துப் போட வேண்டுமானால், அதற்கு முன் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் ஜி பாரங்கள் முழுமையாக வேண்டும். மண்வேலை, அஸ்திவாரம், ஸ்ட்ரக்சர், தண்ணீர்க்குழாய், வயரிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அவற்றில் அந்தந்த வேலையைச் செய்தவர் கையெழுத்து இருக்க வேண்டும். அதாவது நீங்கள் ஒரு சென்கூடத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த அதே ஆளின் கையெழுத்து.

இதில் மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நிபோங் திபாலிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்தார். 18,000 ரிங்கிட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு பழைய குத்தகையாளரை விரட்டிவிட்டு, மிச்ச வேலையை வேறொருவரை வைத்து முடித்தார். புதியவர் தான் போட்ட ஓட்டுக்கும் டைல்ஸுக்கும் கையெழுத்துப் போட்டார். மண்ணுக்குள் போய்விட்ட அஸ்திவாரத்துக்குப் போடச் சொன்னபோது சிரித்துவிட்டார். அடுத்தவன் போட்ட கான்கிரீட்டுக்கு எவன் கையெழுத்துப் போடுவான்? எஞ்சினியரை வைத்துச் சோதனை, அறிக்கை என்று அலைந்ததிலேயே பிடித்துவைத்த பணத்தைவிட அதிகம் போனது. இரண்டு ஆண்டுகள் அந்த வீடு பூட்டிக்கிடந்தது. வழக்கில் ஜெயித்தார், தீர்ப்பு நகலை என் மேசையில் வைத்துவிட்டு, "இதைக் காட்டினா கரண்ட் மீட்டர் குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

அவர் வெளியில் இருந்தார், நீங்களோ உள்ளே குடியிருக்கிறீர்கள். சிசிசி இல்லாத கட்டடத்தில் குடியிருப்பது அதே சட்டத்தின் 70-ஆவது பிரிவின் கீழ் தனிக் குற்றம். உச்சத் தண்டனை 250,000 ரிங்கிட் அபராதம், அல்லது 10 ஆண்டு சிறை, அல்லது இரண்டும். குடும்பத்தோடு இருப்பவரை அந்த அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வழக்குப் போட்டதும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது "எந்தத் தேதியில் குடிபோனீர்கள்?" என்றுதான். பால் காய்ச்சியது காய்ச்சியதாக இருக்கட்டும். சிசிசி வரும்வரை மகள் வீட்டிலோ வாடகைக்கோ இருங்கள்.

அந்த மூவாயிரம் ரிங்கிட் காப்பி காசை மறந்துவிடுங்கள். வாங்குபவர் போலவே கொடுப்பவரும் குற்றவாளி. 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் 20 ஆண்டுவரை சிறை உண்டு. குத்தகையாளர் கையில் கொடுத்தேன், அதிகாரிக்குக் கொடுக்கவில்லை என்பதெல்லாம் எடுபடாது.

தீர்ப்பாயம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் மேம்பாட்டாளரிடம் வீடு வாங்கியவர்களுக்கு. சொந்த மண்ணில் கட்டிய உங்களுக்குக் கதவில்லை. ஒரு சின்ன ஆறுதல், சொந்தக் குடியிருப்புக்காக நான்கு மாடிக்குக் கீழே கட்டும் தனிநபர் மேல், பாக்கியைச் சீக்கிரம் வசூலிக்க வழிசெய்யும் 2012-ஆம் ஆண்டு கட்டுமானப் பணப்பட்டுவாடாச் சட்டத்தைக் குத்தகையாளர் பயன்படுத்த முடியாது. அவரும் சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் வரவேண்டும், அது அவருக்கும் இழுக்கும். பேரத்தில் உங்கள் பக்கம் இருப்பது இது ஒன்றுதான்.

ஆகவே சமரசம் பேசுங்கள். கசக்கும், ஆனாலும் பேசுங்கள். பக்கவாட்டுக் கூரையை நோட்டீஸில் உள்ள தேதிக்குள் உங்கள் செலவிலேயே கழற்றிவிட்டு, படம் எடுத்து மாநகர் கழகத்துக்குக் கடிதம் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வையுங்கள். குத்தகையாளருக்கு 31,000 முழுவதும் உண்டு. 14,000-இல் இரும்பு, கூரைத்தகட்டு பில்லைக் காட்டச் சொல்லி, பாதிக்குக் கீழே பேசி முடிக்கப் பாருங்கள். சட்டவிரோத வேலை, அதற்கெதற்குப் பணம் என்று உங்களுக்குத் தோன்றும். வாதம் சரிதான், நானே நீதிமன்றத்தில் அதை நன்றாகப் பேசுவேன். பேசி முடிக்க எத்தனை மாதம் ஆகும், அதுவரை உங்கள் வீடு எந்த நிலையில் கிடக்கும் என்று பாருங்கள்.

பணத்தை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வக்கீலின் வாடிக்கையாளர் கணக்கில் போட்டு வையுங்கள். எல்லா ஜி பாரங்களிலும் கையெழுத்தாகி ஆர்க்கிடெக்ட் சரிபார்த்தபின் பணம் விடுவிக்கப்படும், அத்தோடு இருதரப்புக்கும் பாக்கி எதுவுமில்லை என்று இரண்டு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினால் போதும். பணத்தை வாங்கிக்கொண்டு, அஸ்திவாரப் பாரத்துக்கு மட்டும் தனிக் காசு கேட்ட ஆளையும் பார்த்திருக்கிறேன்.

வழக்குத்தான் போடுவேன் என்றால் ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டுகள் அவகாசம் உண்டு. சிசிசியை வாங்கிக்கொண்டு வாருங்கள், பேசலாம். அதுவரை ஹைலக்ஸ் போர்ச்சில் நிற்கட்டும், மைவி கேட்டுக்கு உள்ளே வெட்டவெளியில் நிற்கட்டும். அந்த வாட்ஸ்ஆப் உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள். அவர் போனிலும் அது இருக்கிறது.