கடைசிப் பக்கத்தில் அவர்களைச் சேர்த்து வைக்காதீர்கள்

கேள்வி: சிட்காம் (ஒரே ஆட்கள், ஒரே களம் என்று எபிசோட் எபிசோடாக வரும் நகைச்சுவைத் தொடர்) ஸ்கிரிப்ட் போட்டி ஒன்றுக்காக ஒரு பைலட் எபிசோட், அதாவது தொடரின் முதல் எபிசோட், எழுதியிருக்கிறேன். விவாகரத்தான கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் ஒரு போட்டோ ஸ்டூடியோதான் களம். ஸ்டூடியோவின் கடன் இருவர் பெயரிலும் இருப்பதால் இருவராலும் விலக முடியவில்லை. அவர்கள் காதலித்தது, ஸ்டூடியோ தொடங்கியது, பிரிந்தது, கடைசியில் மனம் மாறி மறுபடி சேர்வது என எல்லாவற்றையும் முதல் எபிசோடிலேயே கொண்டுவந்துவிட்டேன். மொத்தம் 11 கதாபாத்திரங்கள். நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் 48 பக்கம் ஆகிவிட்டது. போட்டியில் 35 பக்கம்தான் அனுமதி. எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து அனுப்பலாமா? இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. போன தடவை வேறொரு போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டேன். யோசனையை யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருக்கிறது.
- பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். ஸ்கிரிப்ட் வாசிப்பவர்கள் நாள் முழுக்க ஒரே அளவு எழுத்தைப் பார்த்துப் பழகியவர்கள். கூரியர் எழுத்துரு, 12 பாயின்ட் என்று விதியில் இருந்தால் அதற்குக் காரணம் உண்டு. அந்த எழுத்துருவில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், அதனால் பக்கத்தை எண்ணினாலே எபிசோட் எத்தனை நிமிடம் ஓடும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். வேறு எழுத்துரு கேட்டிருந்தாலும் இதே கதைதான். 11 பாயின்டுக்கு மாற்றினால் முதல் பக்கத்தைத் திறந்ததுமே தெரிந்துவிடும். உங்கள் ஸ்கிரிப்டைப் பற்றி அவர் மனதில் விழும் முதல் எண்ணம் அதுவாக இருக்கக் கூடாது.

ஆனால் உங்களுடைய உண்மையான சிக்கல் அதிகமாக இருக்கும் அந்த 13 பக்கம் இல்லை. கடைசிப் பக்கத்தில் அவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள் என்பதுதான்.

போட்டிகளுக்கு வரும் ஸ்கிரிப்டுகளை வாசித்திருக்கிறேன். நன்றாக எழுதத் தெரிந்தவர்களே அதிகம் செய்யும் தவறு இது. நாம் சினிமா பார்த்து வளர்ந்தவர்கள். கதை என்றால் ஒருவர் மாற வேண்டும், பிரச்சினை தீர வேண்டும் என்று நம் கை தானாகவே எழுதிவிடும். சிட்காமில் பிரச்சினை தீர்ந்தால் தொடர் முடிந்தது. சேர்ந்துவிட்டவர்களை வைத்து இரண்டாவது எபிசோடில் என்ன செய்வீர்கள்? வாசிப்பவர் கையில் ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி இதுதான்: இந்த ஆட்களுக்குள் நாளைக்கும் இதே சண்டை வருமா? அடுத்த வருடமும் வருமா? வரும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். 1962 ஜனவரியில் பிபிசியில் 'காமெடி பிளேஹவுஸ்' என்ற வரிசையில் ஒரு தனி நாடகம் ஒளிபரப்பானது. ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் இருவரும் எழுதியது. பழைய சாமான் வியாபாரம் செய்யும் ஒரு அப்பா, அவரோடே வேலை செய்யும் நடுவயது மகன், இவர்கள் இருவர்தான் கதை. வேறு வேலை கிடைத்திருக்கிறது, உன்னை விட்டுப் போகிறேன் என்று மகன் கிளம்புகிறான். தன் சாமான்களை வண்டியில் ஏற்றுகிறான். குதிரையைத் தர மாட்டேன் என்கிறார் அப்பா. தானே வண்டியை இழுத்துப் பார்க்கிறான், அது அசையவே இல்லை. உடைந்து அழுகிறான். அப்பா அவனை வீட்டுக்குள் கூட்டிப் போகிறார். முடிந்தது. 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடர் அதிலிருந்துதான் பிறந்தது, 1974 வரை, நடுவில் ஒரு நீண்ட இடைவெளியோடு, வந்துகொண்டிருந்தது. அந்த மகன் முதல் நாளிலேயே போயிருந்தால் தொடரே இல்லை. அப்பாவும் மகனும் மனம் விட்டுப் பேசிச் சமாதானம் ஆகியிருந்தாலும் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். "கடன் இருவர் பெயரிலும் இருப்பதால் இருவராலும் விலக முடியவில்லை" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் தொடரே அந்த வரிதான்! பிரிந்துபோன இரண்டு பேர், தினமும் காலையில் ஒரே ஷட்டரைத் திறக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை, அவர்கள் வேலையைப் பாருங்கள். புதிதாகக் கல்யாணம் செய்துகொள்ளும் ஜோடிகளை நிறுத்தி, "இன்னும் நெருங்கி நில்லுங்கள், ஒருவரை ஒருவர் பாருங்கள், சிரியுங்கள்" என்று சொல்ல வேண்டிய வேலை. ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவே விரும்பாத இரண்டு பேர் இதைச் சொல்கிறார்கள். இப்படி ஒரு களம் எல்லோருக்கும் அமையாது. படித்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது.

அதனால் காதலித்தது, ஸ்டூடியோ தொடங்கியது, பிரிந்தது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவை நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஸ்டூடியோவின் ஒரு சாதாரண நாளில் ஆரம்பியுங்கள். முன்கதை தெரியாமல் எப்படிப் புரியும் என்று நினைப்பீர்கள். புரியும். ஒரே மேஜைக்கு நடுவில் டேப் ஒட்டி இரண்டு பாதியாகப் பிரித்திருப்பதைக் காட்டினால் போதும், மூன்று பக்க விளக்கம் மிச்சம். உங்கள் 13 பக்கத்தில் பெரும்பகுதி இங்கேயே போய்விடும்.

அந்த நாளில் என்ன நடக்கும்? உங்கள் கதையை நான் எழுதக் கூடாதுதான், ஆனாலும் எப்படி யோசிக்கலாம் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். படம் எடுக்க வந்த ஜோடி கேட்கிறது: "நீங்கள் ரெண்டு பேரும் கணவன் மனைவியா?" அவன் "ஆமாம்" என்கிறான். அதே நொடியில் அவள் "இல்லை" என்கிறாள். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுக்கிற ஸ்டூடியோ என்றால் ஆர்டர் அதிகம் வருகிறது என்று, அவளுக்குத் தெரியாமல் இத்தனை நாளும் அவன் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான். இந்த மாதத் தவணை கட்ட இந்த ஆர்டர் வேண்டும், அதனால் அவளும் நடித்தாக வேண்டும். பொய் சின்னதாக ஆரம்பிக்கிறது. அந்த ஜோடிக்கு இவர்களை மிகவும் பிடித்துப்போகிறது. உங்கள் திருமண ஆல்பத்தைப் பார்க்கலாமா என்கிறார்கள். சண்டை வராமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று யோசனை கேட்கிறார்கள்! ஒவ்வொரு சீனிலும் வெளியே வரும் வழி இன்னும் கொஞ்சம் அடைபட வேண்டும். நடுவில் ஒரு நிமிடம், நடிப்பு மறந்துபோய் அவர்கள் உண்மையாகவே சிரித்துக்கொள்ளலாம். சேர்ந்துவிடுவார்களோ என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும். அதன் பிறகு அவர்களுடைய அதே பழைய குணம், அவனுடைய பொய்யோ அவளுடைய பிடிவாதமோ, வந்து அதைக் கெடுக்க வேண்டும். மறுநாள் அதே ஷட்டர். நீங்கள் எழுதிவைத்திருக்கும் சேரும் காட்சி உங்களுக்குப் பிடித்திருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம், இந்த ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவாருங்கள்.

11 கதாபாத்திரங்கள் அதிகம். 30 பக்கத்தில் நான்கு பேரை அல்லது ஐந்து பேரைத்தான் வாசிப்பவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். நடிகர்கள் முகத்தோடு திரையில் வரும்போது வேறு, காகிதத்தில் அவர்கள் வெறும் பெயர்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களையும் தவிருங்கள். யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது: இவர் அறைக்குள் வந்தால் அந்த இருவரின் நிலைமை மோசமாகுமா? ஆகும் என்றால் இருக்கட்டும். இருவரையும் சேர்த்துவைக்க முயலும் உதவியாளன் இருந்தால் நிச்சயம் வைத்துக்கொள்ளுங்கள். வந்து ஒரு ஜோக் சொல்லிவிட்டுப் போகிறவர்களை எடுத்துவிடுங்கள், அந்த ஜோக் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

ஜோக்கைப் பற்றிச் சொன்னதால் நண்பர்களின் சிரிப்புக்கும் வருகிறேன். அவர்கள் சிரித்தது பொய் இல்லை. ஆனால் வாசித்தது நீங்கள். எங்கே நிறுத்த வேண்டும், எந்த வார்த்தையை இழுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் குரலையும் முகத்தையும் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். போட்டியில் வாசிப்பவருக்கு அந்தக் குரல் கிடைக்காது. இந்தத் தடவை உங்களை அவ்வளவாகத் தெரியாத நான்கைந்து பேரிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்து, ஆளுக்கொரு பாத்திரமாகச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் பேசாதீர்கள், விளக்காதீர்கள். எங்கே சிரிக்கிறார்கள் என்பதை விட, எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே பக்கத்தைத் திருப்பி "இது யார்?" என்று பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டில் தனியாக உட்கார்ந்து, பேசுபவர் பெயரை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்துப் பாருங்கள். யார் பேசுகிறார்கள் என்று சொல்ல முடியாத வரிகள் நிறைய இருந்தால், அங்கே பேசுவது உங்கள் பாத்திரங்கள் இல்லை, நீங்கள்.

பக்கக் கணக்கில் இன்னொன்று. சிட்காம் ஸ்கிரிப்டில் இரண்டு வகை வடிவம் புழக்கத்தில் இருக்கிறது. பார்வையாளர்கள் முன்னால் செட்டில் பல கேமராக்களை வைத்து எடுக்கும் வகை ஒன்று. 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்க சிட்காம் மூன்று ஃபிலிம் கேமராக்களோடு இப்படித்தான் எடுக்கப்பட்டது. இந்த வகை ஸ்கிரிப்டில் வசன வரிகளுக்கு இடையில் இரட்டை இடைவெளி விடுவார்கள், அதனால் அரை மணி நேரத் தொடருக்கே 40, 50 பக்கம் வரும். ஒரே கேமரா வகையில் சினிமாவைப் போலப் பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம், 25 முதல் 35 பக்கம். உங்கள் போட்டி 35 பக்கம் என்று சொல்வதைப் பார்த்தால் இரண்டாவது வகையைத்தான் எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. எதற்கும் விதிகளை ஒரு முறை பார்த்துவிடுங்கள். நீங்கள் இரட்டை இடைவெளி விட்டு எழுதியிருந்தால் வடிவத்தை மாற்றினாலே சில பக்கம் குறையும்.

விதிகளைப் படிக்கும்போது உரிமை பற்றிய பத்தியை மெதுவாகப் படியுங்கள். உங்கள் பயத்துக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. "பிரிந்த தம்பதி நடத்தும் ஸ்டூடியோ" என்ற யோசனைக்குப் பொதுவாகப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. நீங்கள் எழுதிய காட்சிகளுக்கும் வசனங்களுக்கும் உண்டு. ஒவ்வொரு வடிவத்தையும் தேதியோடு சேமித்து வையுங்கள். நான் கவலைப்படுவது திருட்டைப் பற்றி அல்ல. கலந்துகொண்டாலே எல்லா உரிமையும் நடத்துபவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். வெற்றி பெற்ற ஸ்கிரிப்டை மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கேட்கிறார்கள் என்றால் அது நியாயமே. எழுதியவர் யார் என்று தெரியாமல் வாசிக்கும் போட்டியாக இருந்தால், ஸ்கிரிப்டின் எந்தப் பக்கத்திலும், ஃபைல் பெயரிலும் கூட, உங்கள் பெயர் இருக்கக் கூடாது.

ஐந்து வாரம் போதும். முதல் வாரம் ஸ்கிரிப்டைத் திறக்கவே வேண்டாம். சீன் வாரியாகக் கதையை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த இரண்டு வாரம் புதிதாக எழுதுங்கள். பழையதை வெட்டி ஒட்டினால் பழைய கதைதான் திரும்பி வரும். நான்காவது வாரம் மற்றவர்களை வாசிக்கவைத்துக் கேளுங்கள். கடைசி வாரத்தை ஸ்கிரிப்டின் முதல் 10 பக்கத்துக்கு ஒதுக்குங்கள். சில போட்டிகளில் முதல் சுற்றில் அவ்வளவுதான் வாசிப்பார்கள். அதற்குள் அந்த இருவர் யார், ஏன் விலக முடியாது, இன்றைக்கு என்ன வம்பு என்ற மூன்றும் வந்திருக்க வேண்டும். போன தடவை முதல் சுற்றில் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், அந்த ஸ்கிரிப்டையும் எடுத்துப் பாருங்கள்.

தேர்வாகாமல் போனால் அதை உங்கள் எழுத்தின் மீதான கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஃபால்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் சிட்காமின் முதல் ஸ்கிரிப்டை 1974-இல் வாசித்த பிபிசி ஊழியர் ஒருவர், இது தேறவே தேறாது என்று குறிப்பு எழுதினார். அடுத்த வருடம் அது ஒளிபரப்பானது. மொத்தமே 12 எபிசோட்கள்தான், இன்றும் பேசப்படுகிறது.

அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களில் இரண்டாவது எபிசோடின் கதையை ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள், மூன்றாவதையும் எழுதுங்கள். இறுதிச் சுற்றுக்குக் கூப்பிட்டால் உங்களிடம் அதைத்தான் கேட்பார்கள்.