கேள்வி–பதில்: சில்லு சுற்றுது, கார் நகரவில்லை

கேள்வி: தரம் 9 பிள்ளைகள் எட்டுக் குழுவாக இறப்பர் பட்டிக் கார் செய்தார்கள். வரைபடம் நான் கொடுத்தது: காட்போட் உடல், சீடி சில்லு, 3 மி.மீ மூங்கில் குச்சி அச்சு. இறப்பர் பட்டியில் கட்டிய நூலைப் பின் அச்சில் சுற்றி விடுகிறோம். பாதிக் கார்களில் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. ஒன்று எப்போதும் இடப்பக்கம் இழுக்கிறது. எங்கே பிழை?
- ஆசிரியர், உப்புவெளி

பதில்: முதற்பிழை வரைபடம் கொடுத்ததுதான். அளவெல்லாம் நீங்களே முடிவு செய்தால் பிள்ளைகளுக்கு வெட்டி ஒட்டும் வேலைதான் மிச்சம். "ஒரே இறப்பர் பட்டி, 5 மீற்றர் தூரம், 1 மீற்றர் அகலப் பாதை" என்று மட்டும் சொல்லி விட்டுப் பாருங்கள்.

சீடி விளிம்பு வழவழப்பு. கடற்கரைப் பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் மணல் வேறு. தரையைக் கூட்டுங்கள். பலூனின் கழுத்தையும் நுனியையும் வெட்டி, நடு வளையத்தைப் பின்சில்லின் விளிம்பில் இழுத்து மாட்டுங்கள். பின் அச்சுக்கு மேல் இரண்டு மூன்று நாணயம் ஒட்டினால் பிடிப்பு இன்னும் கூடும். சீடியின் 15 மி.மீ துளைக்குள் பழைய இறப்பர் செருப்பில் வெட்டிய 16 மி.மீ வட்டத்தை இறுக்கி, அதன் சரி நடுவில் குச்சியைக் குத்துங்கள். நடு தவறினால் கார் நொண்டும்.

பிள்ளைகள் யோசிக்க வேண்டிய இடம் அச்சின் தடிப்பு. 3 மி.மீ அச்சில் 15 செ.மீ நூல் 16 சுற்று வரும். 12 செ.மீ சில்லு சுற்றுக்கு 37.7 செ.மீ ஓடும், ஆக 6 மீற்றர். டேப் சுற்றி 6 மி.மீ ஆக்கினால் விசை இரட்டிப்பு, தூரம் 3 மீற்றர்தான், வழுக்கலும் கூடும். எது வேண்டும் என்று அவர்களே வாதாடட்டும். நூலை அச்சில் முடிச்சுப் போடவேண்டாம். ஒரு குண்டூசியில் கொளுவினால் அவிழ்ந்ததும் கழன்றுவிடும். முடிச்சுப் போட்டால் நூல் மறுபக்கம் சுற்றிக் காரையே நிறுத்தும்.

இடப்பக்கம் இழுக்கும் காரில் இரு அச்சுக்கும் இடைத்தூரத்தை இரு பக்கமும் அளந்து பாருங்கள். 10 செ.மீ அகலமும் 20 செ.மீ இடைத்தூரமும் உள்ள காரில் 2 மி.மீ வித்தியாசம் போதும், 5 மீற்றரில் ஒரு மீற்றருக்கு மேல் விலகும்.

கேள்வி: அச்சு ஓடக் கடதாசி ஸ்ட்ரோ வைத்தால் ஈரத்தில் ஊதிவிடுகிறது. வேறென்ன வைக்கலாம்?
- மாணவி, கிண்ணியா

பதில்: பிளாஸ்ரிக் ஸ்ட்ரோவுக்கு இலங்கையில் 2023 ஒக்டோபரில் தடை வந்துவிட்டது. மை முடிந்த பேனையின் உடற்குழாயில் 2 செ.மீ துண்டுகள் வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டுங்கள். நீளக் குழாய் வைத்தால் வளைந்த குச்சி நடுவில் உரசும். எண்ணெய் விட்டால் தூசி பிடிக்கும். பென்சில் கரித்தூள் போதும்.