வக்கீல் பதில்கள்: காலைப் பார்க்கப் போனவர்

கேள்வி: மனைவியின் காதலனை நடுத்தெருவில் சுட்டுக் கொன்று விடுதலையான அமெரிக்க வக்கீல் ஒருவர், பின்னாளில் தன் துண்டான காலையே மியூசியத்தில் போய்ப் பார்த்து வந்தாராமே! கதையா, நிஜமா?
- சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நிஜம்தானம்மா. டேனியல் சிக்கிள்ஸ், நியூயார்க் வக்கீல். காலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கல்யாணம்.

1852-இல் தெரசா பாஜியோலியைக் கட்டியபோது அவருக்கு 32 வயது. பெண்ணுக்குப் பதினாறுதான் இருக்கும். இரண்டு வீட்டுக்கும் சம்மதமில்லை. மாப்பிள்ளையின் வெளிச் சகவாசம் ஊரறிந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. அரசியலில் ஏறி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராகி, வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் சதுக்கத்தில் குடியேறினார். அங்கே நண்பராக வந்தவர் பிலிப் பார்ட்டன் கீ. வாஷிங்டனின் அரசு வக்கீல், அமெரிக்க தேசிய கீதம் எழுதியவரின் மகன். அவர் சதுக்கத்தில் நின்று வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினால் தெரசாவுக்கு அழைப்பு என்று அர்த்தம்.

1859 பிப்ரவரியில் மொட்டைக் கடிதம் வந்தது. சிக்கிள்ஸ் மனைவியை உட்காரவைத்து ஒப்புதல் வாக்குமூலம் எழுதி வாங்கினார். கீழே அவள் போட்ட கையெழுத்து பிறந்த வீட்டுப் பெயரில். மறுநாள், 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கீ மறுபடி கைக்குட்டையோடு வந்தார். சிக்கிள்ஸ் துப்பாக்கியோடு ஓடினார். கீயிடம் ஆயுதம் இல்லை. கையிலிருந்த, நாடகம் பார்க்கும் சின்னத் தொலைநோக்கியைத்தான் எறிய முடிந்தது.

வழக்கில் இவருக்கு எட்டு வக்கீல்கள். ஒருவர் பின்னாளில் லிங்கனின் போர் மந்திரியான எட்வின் ஸ்டான்டன். 'அந்த நேரத்தில் புத்தி பேதலித்திருந்தது' என்ற வாதம் அமெரிக்காவில் முதன்முதலாக ஜெயித்தது இதில்தான் என்பார்கள். தெரசாவின் வாக்குமூலத்தை நீதிபதி சாட்சியமாக ஏற்கவில்லை. பத்திரிகைகள் விடுமா? வரிக்கு வரி அச்சடித்துவிட்டன.

விடுதலையானபோது ஒரே ஆரவாரம். ஆனால், சில மாதங்களிலேயே மனைவியோடு மறுபடி சேர்ந்தார் பாருங்கள், ஊருக்கு வந்தது கோபம்! சுட்டதைக் கொண்டாடியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. காங்கிரஸ் சபையில் அம்மை கண்டவரைப் போல ஒதுக்கி உட்காரவைத்தார்கள். நாற்பது வருஷம் கறுப்புக் கோட்டு போட்டவன் நான். கொலைக்குச் சமாதானம் சொல்லி, சமாதானத்துக்குத் தண்டனை கொடுத்த ஜனங்களை இந்தக் கேஸில்தான் பார்க்கிறேன்.

அதற்காக அவரை உத்தமர் என்று நினைத்துவிடாதே. சேர்ந்தாரே ஒழிய, கூட இருந்தது கொஞ்சம்தான். தெரசா 1867-இல் காசநோயில் போய்ச் சேர்ந்தாள், வயது 31. அப்புறம் ஸ்பெயினுக்குத் தூதராகப் போய், 1871-இல் கார்மினா கிரேயை மணந்தார். இரண்டு பிள்ளைகள். இவர் நியூயார்க் திரும்ப, அந்த அம்மாள் வர மறுத்து ஸ்பெயினிலேயே இருந்துவிட்டாள். கிழ வயதில் தேடி வந்தவள், வீட்டைக் கவனித்த பெண்ணை அனுப்பினால்தான் உள்ளே வருவேன் என்றாள். இவர் அனுப்பவில்லை. அவள் ஓட்டலில் தங்கினாள்.

சரி, கால். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வக்கீல் ராணுவத்தில் சேர்ந்து ஜெனரலாகியிருந்தார். 1863 ஜூலை 2, அதில் ஒரு சண்டையான கெட்டிஸ்பர்க் போர். ஜெனரல் சிக்கிள்ஸின் வலது காலைப் பீரங்கிக் குண்டு பதம் பார்த்தது. வெட்டிய எலும்பைச் சின்னச் சவப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்து, தன் விசிட்டிங் கார்டோடு வாஷிங்டன் ராணுவ மருத்துவ மியூசியத்துக்கு அனுப்பினார். மனைவி கடல் தாண்டி இருந்த வருஷங்களிலும் அந்த எலும்பைப் பார்க்க மட்டும் தவறாமல் போய்வந்தார். 1914-இல் 94 வயதில் இறந்தார். எலும்பு இன்றைக்கும், மேரிலாந்துக்கு இடம் மாறிவிட்ட அந்த மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.